முழங்கால் வலியும் மருத்துவச் சோதனையும்

வடநாட்டு நகரங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், மார்கழி பிறந்ததும் ஒரு பேச்சு தவறாமல் எழுவதைக் காணலாம். மகனோடோ மகளோடோ வந்து தங்கியிருக்கும் முதியோர், காலையில் எழுந்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டு, இந்தக் குளிர் நமக்கு ஆகாது என்பார்கள். உடனே யோசனைகள் வந்து குவியும். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் வெந்தய லட்டு செய்து அனுப்புவார். எதிர்வீட்டு வங்காளி நண்பர் பூண்டு போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெயைச் சொல்லுவார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் அத்தை, வாதநாராயணன் இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கச் சொல்லுவார். அலுவலக நண்பர் ஒருவர் ஊசியை மெச்சுவார். இன்னொருவர் அறுவை சிகிச்சையை மெச்சுவார். ஒவ்வொருவரும் தாம் சொல்லுவதே கைகண்ட மருந்து என்று உறுதி கூறுவர்.

கைகண்ட மருந்து என்பது நம் மொழியில் வழங்கும் அழகான தொடர். பயன் கண்கூடாகத் தெரிந்தது, இனி ஐயமில்லை என்பது அதன் பொருள். ஆயினும், கை கண்டது உண்மையிலேயே மருந்தின் பயன்தானா, அல்லது தானே தணிந்த வலியைத்தான் மருந்தின் கணக்கில் எழுதிக்கொண்டோமா? இக்கேள்வியை மருத்துவ உலகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் சென்றன. கேட்ட பின்பும், விடையை ஏற்றுக்கொள்ள எளிதில் மனம் வரவில்லை. அந்த வரலாற்றை முழங்கால் மூட்டுத் தேய்வு என்னும் ஒரு நோயை முன்வைத்துச் சொல்லுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நோயைச் சிறிது அறிந்துகொள்வோம். தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், இரு முனைகளையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாயும் இல்லை; வலியை உணரும் நரம்பும் இல்லை. ஆதலால் அது சிதைந்தால் எளிதில் வளராது. சிதையும்போது உடனே வலிப்பதும் இல்லை. ஆண்டுக் கணக்கில் அது மெலிந்து, அடியிலுள்ள எலும்பு தடித்து, ஓரங்களில் முள்போல் எலும்பு முளைத்து, மூட்டின் உட்சவ்வு அழற்சி கொண்ட பிறகே வலி தோன்றுகிறது. தேய்வு என்று நாம் சொன்னாலும், இது வண்டிச் சக்கரம் தேய்வது போன்றதன்று. மூட்டு முழுவதையும் பற்றும் ஒரு நோய் என்றே இன்றைய அறிஞர் கருதுகின்றனர்.

இந்நோயின் வலி ஒரே சீராக இருப்பதில்லை. சில வாரங்கள் கொடுமையாக இருக்கும், பிறகு தானே தணியும், மீண்டும் தலையெடுக்கும். மனிதன் வைத்தியரை நாடுவது எப்போது? வலி உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பின் இறக்கம் வருவது இயல்பு. அந்த இறக்கத்தில் எண்ணெய் தடவியிருந்தால் எண்ணெய்க்கும், ஊசி போட்டிருந்தால் ஊசிக்கும் புகழ் போய்ச் சேருகிறது. எனவேதான் இந்நோய்க்குக் கைகண்ட மருந்துகள் இத்தனை பெருகியிருக்கின்றன.

எக்ஸ் கதிர்ப் படமும் இக்குழப்பத்தைத் தீர்த்துவிடவில்லை. 1957ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத்து அறிஞர்களான கெல்கிரன், லாரன்ஸ் ஆகிய இருவர், மூட்டுப் படங்களைப் பூஜ்யம் முதல் நான்கு வரை தரம் பிரிக்கும் ஒரு முறையை வெளியிட்டனர். இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுகளை ஆராய்ந்து அனுபவம் பெற்றவர்கள் அவர்கள். அம்முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆனால் படத்தில் நான்காம் தரம் காணப்படும் ஒருவர் நடந்து கடைக்குப் போய்வருவதும், இரண்டாம் தரத்தில் உள்ள மற்றொருவர் படியேற முடியாமல் தவிப்பதும் உண்டு. படம் வேறு, வலி வேறு. வலியை அளக்க வேண்டுமானால் நோயாளியின் வாய்மொழியைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. வாய்மொழியோ நம்பிக்கையாலும் எதிர்பார்ப்பாலும் மாறக்கூடியது. இங்கேதான் ஆராய்ச்சியின் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு மருந்தின் பயனை அறிய, அதைப் பெற்றவரைப் பெறாதவரோடு ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் பழையதே. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகைச் சிகிச்சைகளை அளித்துப் பார்த்தார். கிச்சிலியும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்து நடமாடினர். ஆயினும் யாருக்கு எதைத் தருவது என்பதை மருத்துவரே தேர்ந்தெடுத்தால், அவர் அறியாமலேயே தேறக்கூடியவரைத் தம் மருந்தின் பக்கம் சேர்த்துவிடக் கூடும். இக்குறையை நீக்கத் திருவுளச் சீட்டைப் போன்ற ஒரு முறை கையாளப்பட்டது. 1948இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், காசநோயாளர் 107 பேரைச் சீட்டு முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தோடு படுக்கை ஓய்வும், மறு சாராருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் அளித்து வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் எல்லைக்கல் எனப்படுகிறது. அதை வகுத்தவர் பிராட்ஃபர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர். அவர் மருத்துவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

இம்முறை நம் சென்னைக்கு வரவும் நெடுநாள் ஆகவில்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நல்ல உணவும் ஓய்வும் கிடைக்கும் சானடோரியத்தில் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். மறு பிரிவினர் நெரிசல் மிக்க தம் சிறு வீடுகளில் இருந்தபடியே அதே மருந்துகளை உண்டனர். வீட்டில் இருந்தவரும் சானடோரியத்தில் இருந்தவரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர் என்ற முடிவு 1959இல் வெளியானபோது, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. மலைக்காற்றும் படுக்கை ஓய்வும் இன்றியமையாதவை என்று தலைமுறைகள் நம்பிவந்ததை, சென்னையின் ஏழை மக்கள் பங்குகொண்ட ஒரு சோதனை மாற்றிவிட்டது. மருத்துவச் சோதனை என்றால் ஏதோ அயலாருக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

இனி மற்றொரு சொல்லுக்கு வருவோம். மாத்திரையைப் போலவே உருவும் நிறமும் கொண்டு, உள்ளே மருந்தில்லாத பண்டத்தை ஆங்கிலத்தில் ‘பிளாசிபோ’ என்பர். அது இலத்தீன் மொழியில் ‘நான் மகிழ்விப்பேன்’ என்று பொருள்படும் சொல். தமிழில் அதனை ‘மருந்துப்போலி’ என்கிறோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நான், இலத்தீன் சொல்லினும் தமிழ்ச் சொல் நேர்மையானது என்று எண்ணுவதுண்டு. ஆனால் போலி என்ற சொல் நோயாளி உணரும் நலத்தையும் போலி என்று நினைக்கச் செய்துவிடக் கூடாது. வலி குறைந்ததாக அவர் சொல்லுவது பொய்யன்று. குறைத்தது எது என்பதே கேள்வி.

மாத்திரைக்குப் போலி செய்வது எளிது. கத்திக்குப் போலி உண்டா? 1959இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் லெனர்டு காப் என்ற மருத்துவரும் அவர் தோழர்களும் இக்கேள்விக்கு விடை கண்டனர். அக்காலத்தில் இதயவலிக்கு மார்பிலுள்ள ஓர் இரத்தக் குழாயைக் கட்டிவிடும் அறுவை சிகிச்சை பெரும்புகழ் பெற்றிருந்தது. 17 நோயாளிகளுக்கும் தோலில் கீறல் இடப்பட்டது. 8 பேருக்கு மட்டுமே குழாய் கட்டப்பட்டது. 9 பேருக்குக் கட்டப்படவில்லை. இரு சாராரும் ஒப்ப நலம் கண்டனர். அந்த அறுவை சிகிச்சை விரைவில் வழக்கொழிந்தது. ஆனால் அந்நோயாளிகளிடம், தமக்குப் போலிச் சிகிச்சையும் நேரலாம் என்பது முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. முடிவு நன்மையாயினும் வழி தூயதன்று என்ற உறுத்தல் எஞ்சி நின்றது. அதன்பின் நெடுங்காலம் கத்தியைச் சோதிக்க முன்வந்தோர் மிகச் சிலரே.

இவ்வாறிருக்க, முழங்காலுக்கு வழி திறந்தவர்கள் ஜப்பானியர். தரையில் அமர்ந்து உண்டு, தரையில் அமர்ந்து வழிபடும் மக்களுக்கு முழங்கால் மடங்காமற்போவது எத்தகைய துன்பம் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மூட்டுக் காசநோயால் முழங்கால் இறுகிப்போவதைத் தொடக்கத்திலேயே கண்டறிய விரும்பிய டோக்கியோ நகரத்துக் கென்ஜி தகாகி, 1918இல் சிறுநீர்ப்பையைக் காணப் பயன்படும் குழாயை ஓர் இறந்தவர் உடலின் முழங்காலில் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே, போருக்குப் பின் அக்கருவியைத் திருத்தித் திருத்தி, 21ஆம் எண் கருவி என்னும் சிறந்த குழாயை 1950களின் இறுதியில் உருவாக்கினார். அவர் பணியாற்றியது, தபால் தந்தித் துறை ஊழியர்களுக்காகத் தொடங்கப்பட்ட டோக்கியோ மருத்துவமனை ஒன்றில். 1962இல் அக்குழாயின் துணைகொண்டே கிழிந்த சவ்வுக் குருத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். 1964இல் கனடாவிலிருந்து டோக்கியோ வந்த ராபர்ட் ஜாக்சன் என்ற இளம் மருத்துவர் அவரிடம் இக்கலையைக் கற்று, வட அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்.

மூட்டைத் திறந்து சுத்தம் செய்யலாம் என்ற எண்ணம் அதற்கு முன்பே அமெரிக்காவில் இருந்தது. 1941இல் பால் மக்னசன் என்ற எலும்பு மருத்துவர், தேய்ந்த மூட்டிலுள்ள பிசிறுகளையும் முட்களையும் அகற்றும் முறையை எழுதி வெளியிட்டார். அன்று அதற்கு முழங்காலைப் பெரிதாகக் கீற வேண்டியிருந்தது. குழாய்க் கருவி வந்தபின் இரண்டு மூன்று சிறு துளைகளே போதும் என்றாயிற்று. உப்புநீர் பாய்ச்சிக் கழுவலாம். பிசிறைச் செதுக்கி மழுப்பலாம். நோயாளி மறுநாள் வீடு திரும்பலாம். கூட்டிப் பெருக்கிய வீடு போல் மூட்டும் தூய்மையாகும் என்ற விளக்கம் எவர் மனத்திலும் எளிதில் பதிந்தது. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் நலம் கண்டதாகவும் கூறினர். 1990களின் இறுதியில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் 6,50,000க்கும் மேற்பட்ட இத்தகைய சிகிச்சைகள், ஒவ்வொன்றும் சுமார் 5,000 டாலர் செலவில், நடந்துவந்தன. அவை ஏன் பயன் தருகின்றன என்பதை மட்டும் எவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் புரூஸ் மோஸ்லி. மூட்டைக் கழுவுவதால் பயனா, செதுக்குவதால் பயனா என்று ஒப்பிட எண்ணிய அவரிடம், நெல்டா ரே என்ற உடன் பணியாற்றிய மருத்துவ அம்மையார், இரண்டும் செய்யாமல் இருந்தாலும் பயன் விளையுமா என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். தாம் வாழ்நாள் முழுதும் செய்துவரும் தொழிலையே தராசில் வைக்க ஒரு மருத்துவர் உடன்பட்டது சிறிய செயலன்று. முதலில் 10 பேரை வைத்து ஒரு சிறு சோதனை நடத்தினார். போலிச் சிகிச்சை பெற்ற ஐவரும் வலி குறைந்ததாகவும், பிறருக்கும் இதைப் பரிந்துரைப்பதாகவும் கூறினர்.

பின்னர் 1995 அக்டோபர் முதல் 1998 செப்டம்பர் வரை பெரிய சோதனைக்கு நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். தகுதியுடைய 324 பேரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். போலிச் சிகிச்சை நேரலாம், அதனால் மூட்டுக்கு எந்த நன்மையும் விளையாது என்பதைத் தாம் அறிந்திருப்பதாக ஒவ்வொருவரும் தம் கைப்பட எழுதித்தர வேண்டும். 144 பேர் மறுத்துவிட்டனர். அது அவர்கள் உரிமை. 180 பேர் எழுதித்தந்தனர். சியாட்டில் சோதனையில் இருந்த குறை இங்கே இல்லை.

அறுவைக்கூடத்தில் என்ன நடந்தது என்பதைக் கேட்பது சுவையானது. நோயாளி மேசைமீது கிடத்தப்பட்ட பின்னரே மூடிய உறை மோஸ்லியின் கையில் தரப்படும். உறையிலுள்ள சீட்டு கழுவு என்றால் கழுவுவார். செதுக்கு என்றால் செதுக்குவார். போலி என்றால், முழங்காலில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று கீறல்கள் மட்டும் இடுவார். பிறகு உண்மைச் சிகிச்சையில் செய்வது போலவே கருவிகளைக் கேட்டு வாங்குவார். காலை மடக்கி நீட்டுவார். நீர் பாயும் ஓசைக்காக உப்புநீரைச் சலசலக்கச் செய்வார்கள். எக்கருவியும் மூட்டுக்குள் நுழையாது. உண்மைச் சிகிச்சைக்கு ஆகும் நேரமும் கழியும். அன்றிரவு நோயாளி மருத்துவமனையிலேயே தங்குவார். அவரைக் கவனிக்கும் தாதியருக்கும், பின்னர் வலியைக் கேட்டுக் குறிப்பவருக்கும், எந்தச் சீட்டு வந்தது என்பது தெரியாது.

ஈராண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2002 ஜூலையில் முடிவை வெளியிட்டனர். வலியைப் பூஜ்யம் முதல் நூறு வரை அளந்தனர். எண் ஏற ஏற வலி மிகுதி. ஓராண்டு முடிவில் போலிச் சிகிச்சை பெற்றோரின் சராசரி 48.9; கழுவப்பட்டோருடையது 54.8, செதுக்கப்பட்டோருடையது 51.7. ஈராண்டு முடிவில் முறையே 51.6, 53.7, 51.4. படியேறுவதிலும் நடப்பதிலும் கூட, உண்மைச் சிகிச்சை பெற்றவர் எந்தக் கட்டத்திலும் மற்றவரை விஞ்சவில்லை. தமக்கு நேர்ந்தது எது என்று ஊகிக்கச் சொன்னபோது, போலிச் சிகிச்சை பெற்றோர் மற்றவர்களைவிடச் சரியாக ஊகிக்கவும் இல்லை.

எதிர்ப்பு எழுந்தது இயல்பே. ஒரே மருத்துவமனை, ஒரே மருத்துவர், நோயாளிகள் பெரும்பாலும் ஆடவர், ஆகவே இம்முடிவை எல்லோருக்கும் பொருத்த இயலாது என்றனர். இக்கண்டனத்தில் நியாயமும் இருந்தது. ஒரு சோதனையை நம்பி ஒரு வழக்கத்தைக் கைவிடுவது முறையன்று, மறுசோதனை வேண்டும். அதை நடத்தியவர்கள் கனடா நாட்டார். ஒன்டேரியோ மாநிலத்து லண்டன் நகரில் அலெக்சாண்டிரா கர்க்லி என்ற அறுவை மருத்துவ அம்மையார் தொடங்கிய ஆய்வில், ஒரு சாராருக்கு உடற்பயிற்சியும் மருந்தும், மறு சாராருக்கு அவற்றோடு குழாய்வழிச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. ஆய்வு முடியும் முன்னரே, 2002இல் அவ்வம்மையார் விமான விபத்தில் உயிர் நீத்தார். தோழர்கள் பணியை முடித்து 2008இல் வெளியிட்டனர். ஈராண்டு முடிவில் இரு சாராரிடையே வேற்றுமை இல்லை. 2013இல் பின்லாந்து நாட்டார், முதுமைத் தேய்வால் சவ்வுக் குருத்து கிழிந்த 146 பேரிடம் போலி அறுவையோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வும் அதே முடிவுக்கு வந்தது. 2017இல் பல நாட்டு அறிஞர் குழு ஒன்று, இத்தகைய தேய்வு நோய்க்குக் குழாய்வழிச் சிகிச்சை வேண்டாம் என்று திட்டமாகப் பரிந்துரைத்தது. மூன்று கீறல்கள் எழுப்பிய ஐயம் தெளிவு பெற 15 ஆண்டுகள் சென்றன. இளையோர்க்கு அடிபட்டுக் கிழியும் சவ்வு, மூட்டு சிக்கிக்கொள்ளுதல் போன்ற நிலைகள் வேறு. அவற்றுக்கு இம்முடிவு பொருந்தாது.

கத்தியைப் போலவே மாத்திரையும் ஊசியும் தராசில் ஏறின. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 1,583 பேர் ஐந்து குழுக்களாக்கப்பட்டனர். மருந்துக் கடைகளில் பெருவாரியாக விற்கும் குளுக்கோசமின் உண்டவருள் நூற்றுக்கு 64 பேரும், வெறும் மருந்துப்போலி உண்டவருள் நூற்றுக்கு 60 பேரும் வலி குறைந்ததாகக் கூறினர். இடைவெளி தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினதே. எதுவும் இல்லாத மாத்திரையால் நூற்றுக்கு 60 பேர் நலம் உணருவர் என்றால், கைகண்ட மருந்துகளின் இரகசியம் விளங்குகிறதன்றோ? மூட்டுக்குள் இயக்கநீர் மருந்தைச் செலுத்தும் வழக்கம் 1950களின் தொடக்கத்திலேயே பிலடெல்பியா நகரில் பரவியது. அவ்வூசி சில வாரங்கள் வலியைத் தணிப்பது மெய். ஆயின் 2017இல் பாஸ்டன் நகரத்தார் 140 பேருக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக ஈராண்டுகள், சிலருக்கு அம்மருந்தும் சிலருக்கு உப்புநீரும் செலுத்திப் பார்த்தபோது, வலியில் வேற்றுமை காணவில்லை. மருந்து பெற்றோரின் குருத்தெலும்போ சற்று அதிகமாகவே மெலிந்திருந்தது. 1999இல் வந்து பெரும் புகழ் பெற்ற ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரை, மாரடைப்பும் பக்கவாதமும் மிகக் காரணமாவதை ஒரு சோதனை காட்டியதால் 2004இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. வலியைக் குறைக்கும் என்பது மட்டும் ஒரு மருந்துக்குப் போதிய சான்றாகாது.

அப்படியானால் எதுவுமே பயனில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். அப்படியன்று. சோதனையில் தேறிநின்றவையும் உண்டு. 1997இல் 60 வயதுக்கு மேற்பட்ட 439 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒழுங்காக நடைப்பயிற்சி செய்தவரும், தசையை வலுவாக்கும் பயிற்சி செய்தவரும், வெறும் அறிவுரை கேட்டவரைவிட வலி குறைந்து நன்றாக நடந்தனர். வலிக்கும் காலை ஓய்வாக வைத்திருக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் அதனால் தளர்ந்தது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து கண்டனர். 2013இல் 454 பேரிடம் நடத்திய ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு பயிற்சியும் மேற்கொண்டோர் சராசரி 10 கிலோவுக்கு மேல் இளைத்து, தனிப் பயிற்சியோ தனி உணவுக் கட்டுப்பாடோ மேற்கொண்டோரினும் மிகுந்த நலம் பெற்றனர். 2024இல், உடற்பருமனைக் குறைக்கும் செமாகுளுடைடு ஊசியை, பருமனும் முழங்கால் தேய்வும் உடைய 407 பேரிடம் போலியோடு ஒப்பிட்டனர். மருந்து பெற்றோரின் வலி தெளிவாகக் குறைந்தது. எனினும் அது விலை மிக்கது. பருமன் உடையோர்க்கே உரியது.

இறுதியில் மூட்டு மாற்று. 1890இல் பெர்லின் நகரத்துத் தெமிஸ்டோக்ளஸ் குளுக், யானைத் தந்தத்தால் செய்த முழங்கால் மூட்டைப் பொருத்திப் பார்த்தார்; அது நிலைக்கவில்லை. 1971இல் கனடா நாட்டு ஃபிராங்க் கன்ஸ்டன் உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட மூட்டை விவரித்தார். 1974 முதல் நியூயார்க்கில் பயன்பட்ட வடிவமே இன்றைய மூட்டுகளின் முன்னோடி. கோடிக்கணக்கானோர் இச்சிகிச்சை பெற்றும், இதனைப் பயிற்சிச் சிகிச்சையோடு சீட்டு முறையில் ஒப்பிட்ட ஆய்வு 2015இல்தான் டென்மார்க்கிலிருந்து வந்தது. 100 பேரில் பாதிப் பேருக்கு மூட்டு மாற்றும் பயிற்சியும், பாதிப் பேருக்குப் பயிற்சி முதலியன மட்டும். ஓராண்டில், மூட்டு மாற்றியோர் நூற்றுக்கு 32.5 புள்ளியும், மற்றவர் 16 புள்ளியும் முன்னேறினர். கத்தி இங்கே வென்றது. ஆனால் கடுமையான தீங்குகள் மூட்டு மாற்றியோரிடம் 24, மற்றவரிடம் 6. பயிற்சிக் குழுவில் நால்வரில் மூவர் அவ்வாண்டு முழுவதும் அறுவையின்றியே கழித்தனர். சோதனை முறை கத்திக்குப் பகையன்று என்பதற்கு இதுவே சான்று. பயன்படும் கத்தியைப் பயன்படாத கத்தியிலிருந்து அது பிரித்துக் காட்டுகிறது.

நம் நாட்டு மருந்துகளின் நிலை என்ன? அவற்றையும் இத்தராசில் வைக்கலாம் என்று காட்டியவர்கள் புனே நகரத்தார். 2013இல் வெளியான அவர்கள் ஆய்வில் 440 பேர், இருவகை ஆயுர்வேத மருந்துக் கலவைகள், குளுக்கோசமின், செலகாக்சிப் என்னும் நான்கில் ஒன்றை 24 வாரங்கள் உண்டனர். ஆயுர்வேதக் கலவைகள் மற்றவற்றுக்கு ஈடாக நின்றன. அதே ஆய்வில், அவற்றை உண்டோரில் சிலருக்கு ஈரல் பரிசோதனை எண்கள் உயர்ந்ததையும் மறைக்காமல் எழுதினர். நம்முடையது என்பதற்காகப் புகழாமலும், நம்முடையது என்பதற்காக இகழாமலும், கண்டதைக் கண்டபடி எழுதிய அந்நேர்மை போற்றத்தக்கது.

இவ்வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தாயார். கணவரை இழந்தபின் ஊரை விட்டு எங்களோடு வந்து, மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். இறங்கினால் ஏற முடியாது என்று அஞ்சி, ஒரு குளிர்காலம் முழுவதும் வெளியுலகைப் பலகணி வழியாகவே கண்டார். குழாய் விட்டு மூட்டைக் கழுவினால் ஒரு வாரத்தில் கோயிலுக்கு நடந்து போகலாம் என்று ஒருவர் உறுதி கூறினார். கடன் வாங்கியாவது செய்துவிடுவோம் என்று நானும் துணிந்திருந்தேன். வேறொரு மருத்துவரிடம் படத்தைக் காட்டியபோது, அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “இதனால் பயன் உண்டென்று என்னால் சொல்ல முடியாது, தொடைத் தசைக்குப் பயிற்சி தருகிறேன், செய்யச் சொல்லுங்கள்” என்றார். எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஆயிரம் மைல் தள்ளி அழைத்து வந்த அன்னைக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதா என்ற குற்ற உணர்ச்சி, புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகள் அனைவருக்கும் உண்டு. பெரிய செலவு செய்தால்தான் கடமை தீர்ந்ததாக மனம் எண்ணுகிறது.

இன்று அவர் நாற்காலியில் அமர்ந்து, காலை நீட்டிப் பத்து எண்ணி இறக்குகிறார். காலையும் மாலையும் செய்கிறார். வலி முற்றும் நீங்கவில்லை. எனினும் கைப்பிடியைப் பற்றி மாடிப்படி இறங்கி, பூங்காவில் மற்றப் பாட்டிமாரோடு அரை மணி அமர்ந்து வருகிறார். அத்தை சொன்ன இலை ஒத்தடமும் நடக்கிறது. சூடு இதமாக இருக்கிறது என்கிறார். தீங்கற்ற இதத்தை ஏன் தடுக்க வேண்டும்? கடனும் கத்தியும் வேண்டும் என்னும்போதுதான் நாம் நின்று கேட்க வேண்டும்: இதைச் செய்யாதவரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? எத்தனை மாதம் கழித்துப் பார்த்தார்கள்? தீங்கு நேர்ந்தவரையும் கணக்கில் சேர்த்தார்களா? இக்கேள்விகளைக் கேட்க மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. நல்ல மருத்துவர் எவரும் இவற்றுக்குச் சினம் கொள்ளமாட்டார்.

இக்கேள்விகளுக்கு இன்று விடை இருக்கிறதென்றால், அதற்கு நாம் கடன்பட்டவர்கள் பலர். சென்னையில் நெரிசல் மிக்க வீடுகளிலிருந்தே சிகிச்சை பெற இசைந்த காசநோயாளிகள். ஹூஸ்டன் நகரில், எனக்குப் பயன்படாமற் போகலாம், பின்வருவோருக்காவது உண்மை தெரியட்டும் என்று தம் கைப்பட எழுதித்தந்த 180 பேர். அவர்கள் பெயரை நாம் அறியோம். வெந்தய லட்டையும் கடுகெண்ணெயையும் பற்றிப் பேசும் குளிர்கால மாலைகளில், அவர்களையும் ஒரு கணம் நன்றியோடு நினைத்துக்கொள்வோம்.